நிலநடுக்கோட்டில் பனி!

நிலநடுக்கோடு என்றாலே வெயில்தான் என்று நானும் நினைத்தேன். ஆனால் அதன் பக்கத்திலேயே 5,199 மீட்டர் உயர கென்யா மலையில் லூயிஸ் பனியாறு இருக்கு! 1934-க்கும் 2010-க்கும் நடுவில் அதன் பனியில் 90 சதவீதம் போயே போச்சு. பக்கத்திலிருந்த கிரிகோரி பனியாறு இப்போ இல்லவே இல்லை.

"பனி போனா மலை ஏறுறது ஈஸிதானே?" என்றாள் என் தோழி. அது தப்பு என்பேன். பாறை இடுக்கில் இருக்கும் பனிதான் கற்களைப் பசை மாதிரி பிடித்து வைத்திருக்கும். உருகினால் கல் உருண்டு தலையில்தான் விழும். பேட்டியன், நெலியன் என்ற இரண்டு சிகரங்களுக்கு நடுவில் டைமண்ட் கூலுவார் என்று ஒரு செங்குத்துப் பனிவழி. முன்பு அதில் கோடாரியால் குத்திக் குத்தி ஏறினார்களாம் (அம்மாடி!). இப்போ கீழ்ப்பகுதியில் பனி சரியாகப் பிடிப்பதே இல்லை.

ஏறுகிறவர்கள் வேறு வழி தேடிக்குவாங்க. எனக்குப் பனியை நினைத்தால்தான் கவலை. நான் பெரியவளாகிப் போய்ப் பார்க்கும்போது அது இருக்குமா டீச்சர்?

– ஒன்பதாம் வகுப்பு மாணவி