ஆற்று மணல் யார் சொத்து?

பத்தமடைப் பாயின் பெருமையைப் பேசாதவர் இல்லை. பட்டுத் துணிபோல் மடித்து வைக்கலாம் என்பார்கள். புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அந்தப் பாய் எதனால் ஆனது? தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையும், அதை நாட்கணக்கில் ஊறப்போட ஓடுகிற தண்ணீரும், கீறிக் கீறி நெய்யும் ஏழைப் பெண்களின் உழைப்பும் சேர்ந்துதான் பாய். இன்றோ கோரையில் பெரும்பகுதி கரூர்ப் பக்கத்திலிருந்து லாரியில் வந்து இறங்குகிறது. ஆற்றங்கரை ஊரிலே கோரைக்குப் பஞ்சம்! கரை இடிந்தால் கோரை எங்கே முளைக்கும்? மணல் போனால் தண்ணீர் எங்கே தங்கும்?

"மணல் கட்டடக்காரன் சமாசாரம், நமக்கென்ன?" என்று சிலர் நினைக்கலாம். அப்படியல்ல, தோழர்களே! மணல்தான் ஆற்றின் தண்ணீர்த் தொட்டி. வெள்ளக் காலத்தில் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது அதுதான். பத்தடி ஆழத்துக்கு மணலை வாரினால் ஆறு பள்ளத்தில் ஓடும். வாய்க்கால் தலைமதகு மேட்டில் நிற்கும். கரையோரக் கிணறுகள் வற்றும். கடல் முகத்தில் உப்புநீர் உள்ளே ஏறும்.

பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடலைச் சேரும் இந்த ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உண்டு. ஏழு பழங்காலத்தவை. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் அணை வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. எல்லாவற்றுக்கும் கல் சுமந்தவன் உழைப்பாளி. பத்தமடை வயலுக்குத் தண்ணீர் வருவது கன்னடியன் கால்வாயில். அது வறண்டால் மிராசுதாருக்கு ஒரு போகம் நஷ்டம். நடவுக்கும் அறுப்புக்கும் போகும் கூலிக்காரிக்கோ அடுப்பே எரியாது.

மில் தொழிலாளிக்கும் இதில் பங்கு உண்டு. பாபநாசம் அருவியின் வேகத்தை நம்பித்தான் 1880-களில் ஹார்வி கம்பெனி அங்கே மில் வைத்தது. இன்று நெல்லையிலும் தூத்துக்குடியிலும் தொழிலாளி வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர், ஆற்று மணலில் இறக்கிய உறைகிணறுகளிலிருந்து வருகிறது. மணலைத் திருடுகிறவன் நம் குடத்தைத் திருடுகிறான்.

சட்டம் என்ன செய்கிறது? 1957-ம் ஆண்டின் கனிமச் சட்டம் மணலைச் சிறு கனிமம் என்று சொல்லி மாநில சர்க்காரின் கையில் ஒப்படைத்தது. 2003-ல் தமிழ்நாடு சர்க்கார் மணல் குவாரிகளைத் தானே நடத்த எடுத்துக்கொண்டது. தனியார் கொள்ளை ஒழியும் என்று ஜனங்கள் நம்பினார்கள். நடந்தது என்ன? பெயர்ப் பலகை சர்க்காருடையது. அள்ளுவதும் ஏற்றுவதும் கான்ட்ராக்டர்!

2010-ல் தோழர் ஆர். நல்லகண்ணு மதுரை ஹைகோர்ட் கிளையில் மனுப் போட்டு, தாமே நின்று வாதாடினார். அந்த ஆண்டு டிசம்பரில் தாமிரபரணியில் மணல் அள்ள ஐந்தாண்டுத் தடை கிடைத்தது. மகத்தான வெற்றிதான். ஆனால் அதோடு திருட்டு ஒழிந்துவிட்டதா?

கல்லிடைக்குறிச்சிக்குப் பக்கத்தில் பொட்டல் கிராமத்தைப் பாருங்கள். எம்.சாண்ட் பேரில் அனுமதி வாங்கிய இடத்தில் ஆற்று மணல் கடத்தல் என்று வழக்கு. 9 கோடி 57 லட்சம் ரூபாய் அபராதம். 2021-ல் விசாரணை சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. மணலைக் காக்க வேண்டிய கனிமவளத் துறையின் அதிகாரியே கைதானார்.

அதே ஆற்றின் கீழ்ப்பகுதியில் முறப்பநாடு. அங்கே மணல் திருட்டைத் தடுத்துப் போலீசில் புகார் கொடுத்த கிராம நிர்வாக அதிகாரி லூர்து பிரான்சிஸ், 2023 ஏப்ரல் 25-ல் பட்டப்பகலில் தன் ஆபீசுக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார். கொலை செய்த இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. சரி, ஆனால் நேர்மையான ஊழியன் தன்னந்தனியாக நிற்கும்படி விட்டது யார்? பின்னால் ஊரே திரண்டு நின்றிருந்தால் அரிவாள் உயர்ந்திருக்குமா?

"குவாரியை மூடினால் லோடு ஏற்றும் ஏழையின் கூலி போய்விடுமே" என்று கான்ட்ராக்டர் கண்ணீர் விடுகிறார். முதலைக் கண்ணீர்! பொக்லைன் எந்திரம் இறங்கிய அன்றே மண்வெட்டிக்காரனை வீட்டுக்கு அனுப்பியவர் அவர்தானே? நூறு பேர் வேலையை எந்திரம் செய்கிறது. மிச்சமிருக்கும் நாலு பேருக்கு இரவுக் கூலி, மாட்டினால் சிறை. டிப்பர் முதலாளி தப்பிக்கிறார், மாட்டுவண்டிக்காரன் பிடிபடுகிறான். இருந்தாலும் லோடு ஏற்றும் கூலிக்காரனை நாம் பகைக்கக் கூடாது. அவன் நம்மவன். அவனுக்கு வேறு வேலை கேட்பது நம் கடமை.

உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 5,000 கோடி டன் மணலும் சரளையும் தோண்டப்படுவதாக ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2022-ல் கணக்குச் சொன்னது. ஆறு அதை மலையிலிருந்து உருட்டிச் சேர்க்க எத்தனையோ தலைமுறை ஆகிறது. லாரியில் ஏற்ற ஒரு ராத்திரி போதும்.

ஆகவே நாம் கேட்பது இது:

ஆற்றங்கரை ஊராட்சிகளின் கிராம சபையும், பத்தமடை போன்ற பேரூராட்சிகளின் மன்றமும் சம்மதிக்காமல் ஒரு கூடை மணலும் அள்ளக் கூடாது.

விவசாயத் தொழிலாளர், பாய் நெய்யும் பெண்கள், மில் தொழிற்சங்கம் ஆகியோரின் பிரதிநிதிகள் கொண்ட கண்காணிப்புக் கமிட்டி ஒவ்வொரு அணைக்கட்டிலும் வேண்டும். அனுமதிச் சீட்டும் லாரிக் கணக்கும் அதன் முன் வைக்கப்பட வேண்டும்.

வசூலாகும் அபராதம் கரையைக் கட்டவும், கால்வாய் தூர்வாரவும், கோரை நடவும் செலவாக வேண்டும். அந்த வேலை உள்ளூர்க் கூலிக்காரர்களுக்கே தரப்பட வேண்டும்.

புகார் கொடுக்கும் ஊழியருக்கும் பொதுஜனத்துக்கும் பாதுகாப்பு வேண்டும்.

கோர்ட்டு உத்தரவு நல்ல ஆயுதம். ஆனால் ஆயுதம் தானாகப் போர் செய்யாது. கன்னடியன் கால்வாய் முதல் புன்னக்காயல் வரை சங்கங்கள் இந்த வாரமே கூடிப் பேசட்டும். ஊர்தோறும் தீர்மானம் போட்டுக் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலமாகக் கொண்டு போகட்டும். மணலுக்கு மனுக் கொடுக்க வாய் இல்லை. நமக்கு இருக்கிறது.