அப்பியாசக் கொப்பியும் புகைப்படமும்

பொல்பிட்டிய என்றதும் கொழும்பிலுள்ளோருக்கு 1969இல் இயங்கத் தொடங்கிய நீர்மின் நிலையமே நினைவுக்கு வரும். எனக்கோ, அதற்கு மேலேயுள்ள மலைச்சரிவுகளின் லயங்கள்.

பாடசாலை தொடங்கும் வேளையில் மலையகத்துக்கு அப்பியாசக் கொப்பிகள் வருகின்றன. பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் பிடிக்கிறார்கள். அத்தகைய படங்களைப் பத்திரிகையில் பிரசுரித்தவர்களில் நானும் ஒருவன்.

கொடுப்பதை நான் குறைகூறவில்லை. கொப்பி தேவைதான். ஆனால் அந்தத் தாய் ஏன் அதைத் தானே வாங்க முடியாதிருக்கிறாள் என்று எந்த விழா மேடையிலும் எவரும் கேட்டதில்லை. 2015இல் கேட்ட ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் 2021இல்தான் கிடைத்தது. மறு ஆண்டே விலைவாசி அதை விழுங்கிவிட்டது. 2024இல் 1350 ரூபாய் என்றார்கள். அதற்கும் எத்தனை இழுபறி!

புலம்பெயர்ந்த அன்பர்களே, கொப்பிகளைத் தாராளமாக அனுப்புங்கள். கமராவை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். சம்பளப் பேச்சு நடக்கும்போதும் உங்கள் குரல் கேட்கட்டும்.