நினைவகம் இருந்தும் இடமில்லை

கணினி முரண்டு பிடித்தால் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? அடைத்துவிட்டு மறுபடியும் திறக்கிறோம். வேலை செய்தால் அதோடு மறந்துவிடுகிறோம். என் இறுதியாண்டு ஆய்வுத் திட்டத்தின்போது நானும் இரண்டு வாரம் அதைத்தான் செய்தேன். ஸ்கூடாயில் ஒரு விடுதி அறையில் நடந்த அந்தக் கதையைச் சொல்லி, நம் கழகத்திடம் ஒரு கோரிக்கை வைக்கவே இந்தக் கட்டுரை.

லினக்ஸில் ஒரு நெட்வொர்க் கார்டுக்கு இயக்கி எழுதுவது என் தலைப்பு. அட்டைக்கும் கெர்னலுக்கும் இடையே நிற்கும் நிரல்தான் இயக்கி. வெளியிலிருந்து தரவுப் பொதிகள் வந்து இறங்க நினைவகத்தில் முன்கூட்டியே இடம் பிடித்து வைப்பது அதன் முக்கியமான வேலை. சாதாரணப் பொதி 1,500 பைட் சுமக்கும். நான் வேகத்துக்காக 9,000 பைட் சுமக்கும் பெரிய பொதிகளைப் பயன்படுத்தினேன்.

இரண்டு நாள் இயக்கி ஓடும். மூன்றாம் நாள் அட்டை ஊமையாகிவிடும். பதிவேட்டில் நினைவகம் ஒதுக்க முடியவில்லை என்றும், பக்கத்தில் 'ஆர்டர் 2' என்றும் ஒரு வரி இருக்கும். ஆனால் நினைவகத்தில் பாதிக்கு மேல் காலி! மறுபடியும் திறந்தால் எல்லாம் சரியாகிவிடும். வாங்கிய இடத்தைத் திருப்பித் தராமல் எங்கோ கசிய விடுகிறேன் என்று நினைத்து, வாங்கியதையும் தந்ததையும் எண்ணிப் பார்த்தேன். கணக்குச் சரியாகவே இருந்தது. ஒப்படைக்க மூன்று வாரமே இருந்த நிலையில், தினமும் அதிகாலையில் கணினி தானே மறுதொடக்கம் ஆகும்படி அமைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

அன்று மாலை முத்தமிழ் விழா நாடக ஒத்திகைக்கு என்னைக் கூப்பிட முதலாமாண்டுத் தம்பி ஒருவன் வந்தான். கட்டடப் பொறியியல் மாணவன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே ஆச்சு?" என்றான். அவனுக்குக் கணினி மொழி தெரியாது என்பதால் வீட்டில் பேசும் தமிழிலேயே சொன்னேன்: "எடம் கேட்டா இல்லங்குது. பாத்தா பாதிக்கு மேல காலியா கெடக்கு."

"எவ்ளோண்ணே கேட்டீங்க? எல்லாம் ஒரே எடத்துலயா வேணும்?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

தீபாவளிக்கு முன் லார்க்கின் பேருந்து நிலையத்தில் நிற்பவர்களுக்கு இது புரியும். பேருந்தில் பத்து இருக்கை காலி. ஆனால் ஒன்று முன்னால், ஒன்று நடுவில், ஒன்று கடைசியில். நான்கு பேர் சேர்ந்து உட்கார இடமில்லை. கெர்னல் நினைவகத்தை 4,096 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரிக்கிறது. அடுத்தடுத்த பக்கங்களைக் கேட்டால் 1, 2, 4, 8 என்று இரட்டித்தே தரும். என் பொதிக்கு மூன்று பக்கம் போதும் என்றாலும் நான்கு பக்கம் அடுத்தடுத்து வேண்டும். அதைத்தான் 'ஆர்டர் 2' என்ற சொல் முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது. கணினி ஓட ஓடக் காலியிடங்கள் சிதறிப் போகின்றன. அட்டை குறுக்கிட்டு அழைக்கும் அந்த நொடியில், மற்றவர்களை நகர்த்தி இடம் பண்ணிக் கொடுக்கும்வரை இயக்கியால் காத்திருக்கவும் முடியாது.

அதன்பின் ஒரு பொதியை மூன்று தனித்தனிப் பக்கங்களில் இறங்குமாறு மாற்றினேன். புது இடம் கிடைக்காவிட்டால் வந்த பொதியை விட்டுவிட்டுப் பழைய இடத்தையே மறுபடி அட்டையிடம் கொடுக்கவும் செய்தேன். பிறகு அட்டை ஊமையாகவில்லை.

தமிழுக்கு மந்திர சக்தி இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. 'மெமரி அலோகேஷன் ஃபெயிலியர்' என்று இரண்டு வாரம் சொல்லிக்கொண்டே இருந்தேன். புரிந்துவிட்டது என்ற நினைப்பை அந்தச் சொல் எனக்குக் கொடுத்துவிட்டது. வீட்டுமொழியில் சொன்னபோதுதான் எனக்கு எது புரியவில்லை என்று தெரிந்தது.

பெரிய சிக்கல்களையும் இப்படிச் சொல்லலாம். 2008 செப்டம்பரில், வெளியீட்டுக்கு முந்தைய லினக்ஸ் 2.6.27 பதிப்புகளை ஓட்டிய சிலரின் இன்டெல் அட்டைகள் கெட்டுப்போயின. அட்டையின் நிரந்தர நினைவகத்திலிருந்த தகவல்கள் சிதைந்திருந்தன. சந்தேகம் முதலில் அட்டையின் இயக்கியான 'இ1000இ' மீது விழுந்தது. உண்மையான காரணம் 'எஃப்டிரேஸ்' என்ற வேவுக் கருவி என்று அக்டோபரில் தெரிந்தது. ஒருமுறை ஓடி முடிந்த நிரல் பகுதிகள் இருந்த இடத்தை கெர்னல் விடுவித்துவிட்டது. அதே முகவரிக்கு அட்டையின் நிரந்தர நினைவகம் குடிவந்தது. இதை அறியாத கருவி, தன்னிடமிருந்த பழைய முகவரிக்கே எழுதியது. குடிமாறிப் போனவர் வீட்டுச் சுவரில் வெள்ளையடித்த கதைதான். இதைப் புரிந்துகொள்ளப் பட்டம் தேவையா?

"தேர்வும் ஆங்கிலம், வேலையும் ஆங்கிலம். இதெல்லாம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். கெர்னலுக்குத் தமிழ்ச்சொல் தேடி நேரத்தைச் செலவிடச் சொல்லவில்லை. நானே இங்குக் கெர்னல் என்றுதான் எழுதியிருக்கிறேன். ஆறாம் ஆண்டுவரை தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் படித்தவன் நான். படிவம் ஒன்றுக்குப் போனபின், தமிழ் எனக்கு மேடைக்கும் கவிதைக்கும் மட்டும் என்றாகிவிட்டது. நம் கழகமும் அந்த வழக்கத்தையே தொடர்கிறது. பட்டிமன்றம் வேண்டும், நாடகம் வேண்டும். ஆனால் நாம் நான்காண்டு படிக்கும் படிப்பைப் பற்றி நம் கூட்டங்களில் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

மாதம் ஒரு மணி நேரம் ஒதுக்குவோம். இறுதியாண்டு மாணவர் ஒருவர் தம் திட்டத்தில் எங்கே மாட்டிக்கொண்டார் என்பதை வேறு துறை முதலாமாண்டு மாணவர்களிடம் தமிழில் சொல்லட்டும். அவர்கள் கேள்வி கேட்கட்டும். அதில் சிறந்த ஒன்றை இந்த ஆண்டு மலரில் கவிதைகளுக்குப் பக்கத்தில் அச்சிடுவோம்.

கழகம் அழைத்தால் முதல் மாதம் பேச நான் வருகிறேன். அந்தத் தம்பியையும் அழைத்து வருகிறேன்.