படியேறியவர் முழங்கால்

கொல்லிமலையில் அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்கிக் குளித்துவிட்டு அத்தனை படிகளையும் திரும்ப ஏறி வரவேண்டும். மேலே வந்து மூச்சு வாங்க நிற்கிறவர் கையில் ஒரு டம்ளர் சூப் வந்து சேரும். முடவாட்டுக்கால் கிழங்கு சூப். கிழங்கைப் பார்த்தால் பழுப்பு ரோமம் மூடிய ஆட்டுக்காலேதான். ரோமத்தைச் சுரண்டி, தோல் சீவி, நசுக்கி, மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டுக் கொதிக்க விடுகிறார்கள். மலைக்குளிருக்கு நன்றாகவே இருக்கிறது.

“இதைக் குடிக்கிறவங்களுக்கு மூட்டுவலியே கிடையாதுங்க. வேணும்னா இங்க நிக்கிறவங்களையே கேட்டுப் பாருங்க” என்றார் கடைக்கார அம்மா.

கேட்டேன். ஒருவருக்கும் மூட்டுவலி இல்லை. எப்படி இருக்கும்? வலி இருப்பவர்கள் கோயில் வாசலோடு நின்றுவிட்டார்கள், சிலர் வேனை விட்டே இறங்கவில்லை. ஆயிரம் படி ஏறி வந்த முழங்கால்களை மட்டும் வரிசையில் நிறுத்திக் கணக்கெடுத்தால், அங்கே சூப்புக்குப் பதில் சுக்குக் காப்பி விற்றாலும் அதற்கும் இதே பெருமை கிடைக்கும்.

அந்த அம்மாவிடம் எனக்குச் சண்டை இல்லை. அவருக்கு வியாபாரம். இதே சூப்பை அட்டவணையில் ஊற்றி, மூன்று தசம இடம் வரை கணக்குப் போட்டு, ‘ஆய்வு நிரூபித்தது’ என்று அச்சடித்து வைக்கிறார்களே, அவர்களோடுதான் சண்டை. இரண்டு சேர்ந்து வந்தால் ஒன்று மற்றொன்றை உண்டாக்கியது என்ற நம்பிக்கை படிக்காதவர்களின் மூடநம்பிக்கை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையைச் சொல்லிச் சிரிக்கிறவர்களும் நாம்தான். காக்கைக்கும் பழத்துக்கும் ஒட்டுறவுக் கெழு 0.82 என்று யாராவது எழுதிக் காட்டிவிட்டால் மட்டும் சிரிப்பு நின்றுவிடுகிறது.

அந்தக் கெழு என்ன சொல்கிறது? 1888-இல் பிரான்சிஸ் கால்ட்டன் தொடங்கி வைத்ததை, கார்ல் பியர்சன் சூத்திரமாக்கித் தந்தார். −1-க்கும் +1-க்கும் நடுவே ஒரு எண் வரும். புள்ளிகள் ஒரு நேர்கோட்டை எவ்வளவு ஒட்டிக் கிடக்கின்றன என்பதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது. சாமை உண்ணும் அளவை முதல் பத்தியிலும், ரத்தச் சர்க்கரையை இரண்டாம் பத்தியிலும் போட்டுப் பாருங்கள். பிறகு இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். இரண்டு தடவையும் அதே எண்தான். எது முன்னால், எது பின்னால் என்றே தெரியாத ஒன்றைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, ‘குற்றவாளி யார்?’ என்று கேட்கிறோம்.

சாமையைச் சும்மா இழுக்கவில்லை. கொல்லிமலையைப் பற்றி மேடைகளில் ஓயாமல் கேட்கிற வசனம் இது: ‘மலைக்காரர்கள் சாமையும் தினையும் தின்றவரை சர்க்கரை நோய் இல்லை, அரிசிக்கு மாறினார்கள், வந்துவிட்டது.’ 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு குரல் இன்னும் ஓங்கிவிட்டது. மலையில் சாமைக்காடு சுருங்கியது உண்மை. நாட்டில் சர்க்கரை நோய் பெருகியதும் உண்மை, ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-இல் வெளியிட்ட கணக்கில் இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல். ஒரு கோடு இறங்குகிறது, ஒரு கோடு ஏறுகிறது. ஆனால் அதே ஆண்டுகளில் மலையில் தார்ச்சாலையும் பைக்கும் செல்போனும்கூடத்தான் ஏறின. காலத்தோடு ஏறுகிற எதையும் காலத்தோடு இறங்குகிற எதோடும் சேர்த்தால் கெழு அழகாக வரும். யூல் என்ற புள்ளியியலாளர் 1926-லேயே இதைப் போட்டு உடைத்துவிட்டார். 1866 முதல் 1911 வரை இங்கிலாந்தில் ஆங்கிலத் திருச்சபையில் நடந்த திருமணங்களின் விகிதமும் குறைந்தது, இறப்பு விகிதமும் குறைந்தது. ஒட்டுறவு 0.95. தேவாலயத்தில் தாலி கட்டாமல் இருந்தால் ஆயுள் கூடும் என்று யாரும் சொல்லவில்லை.

சாமையைத் தின்ற உடம்பையும் கொஞ்சம் பாருங்கள். சாமை உமி எளிதில் விடாது. காயவைத்து, உரலில் போட்டு, இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போட்டுக் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைக்க வேண்டும். ஒரு வேளைச் சோற்றுக்குப் பல மணி நேர வேலை. அதற்கு முன் சரிவுக் காட்டில் களையெடுப்பு, தலைச்சுமையாக விறகு, தண்ணீர். அந்தப் பெண்ணுக்குச் சர்க்கரை இல்லையென்றால் அது சாமையின் கெட்டிக்காரத்தனமா, உலக்கையினுடையதா? சென்னைக்காரர் பாக்கெட்டில் வாங்குவது தீட்டிய சாமை. தவிடும் போய்விட்டது, உலக்கையும் கூட வருவதில்லை.

இன்னொன்று, நோய் இல்லை என்பதும் யாரும் சோதிக்கவில்லை என்பதும் கணக்கேட்டில் ஒரே மாதிரிதான் தெரியும். 2021 ஆகஸ்டில் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கி, வீட்டு வாசலுக்கே வந்து விரலில் ஊசி குத்திப் பார்க்கிறார்கள். அப்படிப் பார்க்கிற ஊரிலெல்லாம் நோய் திடீரென்று முளைத்ததுபோலத்தான் தோன்றும்.

ஊரைப் பற்றிய கணக்கை ஆளைப் பற்றிய கணக்காகப் படிப்பது அடுத்த வேடிக்கை. அமெரிக்காவின் 1930 மக்கள்தொகைக் கணக்கை வைத்து ராபின்சன் என்ற சமூகவியலாளர் 1950-இல் ஒன்று காட்டினார். வெளிநாட்டில் பிறந்தவர்கள் மிகுந்த மாநிலங்களில் எழுத்தறியாதவர்கள் குறைவு, கெழு −0.53. தனித்தனி ஆட்களாகப் பார்த்தால் +0.12, அதாவது வெளிநாட்டில் பிறந்தவர்களிடையேதான் எழுத்தறியாமை சற்று அதிகம். எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களாகப் பார்த்து அவர்கள் குடியேறியிருந்தார்கள், அவ்வளவுதான். ‘சாமை விளையும் ஊரில் சர்க்கரை குறைவு’ என்பதிலிருந்து, ‘சாமை தின்றால் உனக்குக் குறையும்’ என்று தாவுகிறவர் இதே பள்ளத்தைத்தான் தாண்டப் பார்க்கிறார்.

இதனால் என்ன கெட்டுவிடும், சாமை நல்லதுதானே என்று கேட்பார்கள். நல்ல தானியம்தான், நானும் சாப்பிடுகிறேன். காரணத்தை இடம் மாற்றி வைத்தால் பழியும் இடம் மாறுகிறது என்பதுதான் கேடு. பாரம்பரியத்தைக் கைவிட்டார்கள் என்று இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிப் பெண்கள் தலையில் பழி விழுகிறது. அவர்கள் கைவிட்டது உலக்கையை. குச்சிக்கிழங்கு போட்டால் சேகோ ஆலைக்காரர் ரொக்கம் தருகிறார், ரேஷனில் அரிசி கிடைக்கிறது. பிறகு எதற்குக் குத்தவேண்டும்? எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இந்த மலையில் இறங்கியபோது உமி நீக்கும் இயந்திரங்களைக் கொண்டுவந்தது காரணம் தெரிந்தவர்கள் செய்த வேலை. மேடையில் பேசுகிறவர்களோ திரும்ப உரலடிக்குப் போகச் சொல்கிறார்கள்.

தப்பான காரணத்தை நம்புவது இந்த மலைக்குப் புதிதல்ல. ஆங்கிலேயர் காலத்துக் குறிப்புகளில் கொல்லிமலை காய்ச்சலுக்குப் பேர்போன இடம். மலைக்காற்றுக்கும் காய்ச்சலுக்கும் ஒட்டுறவு இருந்தது, பொய்யில்லை. மலேரியா என்ற இத்தாலியச் சொல்லுக்கே கெட்ட காற்று என்றுதான் பொருள். 1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் ஒட்டுண்ணியைக் கண்ட பிறகுதான் காற்றின் மேலிருந்த வழக்கு தள்ளுபடியானது. கெட்ட காற்றுக்குப் பயந்து ராத்திரி சன்னலைச் சாத்தியவர்கள் சிலர் தப்பியும் இருப்பார்கள். காற்றோடு கொசுவும் வெளியே நின்றுவிட்டதல்லவா. தப்பான காரணம் சில நேரம் சரியான பலன் தரும், அதனால்தான் அது சாகாமல் கிடக்கிறது.

ஒட்டுறவையே தூக்கி எறியச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1904-இல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைமையேற்ற கில்பர்ட் வாக்கர் பருவமழையைக் கணிக்க உலகத்துக் காற்றழுத்தக் கணக்கையெல்லாம் அள்ளி ஒட்டுறவு பார்த்தார். பசிபிக் பக்கம் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்கும் ஊசலாட்டம் அப்படித்தான் அகப்பட்டது. ஏன் என்பதற்கு 1969-இல் பியர்க்னஸ் என்ற வானிலை அறிஞர் விளக்கம் தரும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நூறு கெழு போட்டுப் பார்த்துப் பெரியதை மட்டும் பொறுக்கினால் தற்செயலும் உண்மைபோல் நிற்கும் என்று 1914-லேயே எச்சரித்தவரும் வாக்கர்தான். நம் ஆய்வேடுகளில் இருபது மாறிகளைப் போட்டு, ‘தற்செயல் அல்ல’ என்று மென்பொருள் நட்சத்திரக் குறி போட்டுக் காட்டிய நான்கை மட்டும் எடுத்து, ‘ஆகவே’ என்று முடிவுரை தொடங்குகிறார்கள்.

எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி செம்மேட்டில் இறங்கப்போகும் அடுத்த ஆய்வு மாணவரின் வினாத்தாளில் ‘வாரத்தில் எத்தனை நாள் சிறுதானியம்?’ என்ற கேள்வி கட்டாயம் இருக்கும். பக்கத்தில் இன்னும் சில வரிகளுக்கு இடம் விடட்டும்: வயது என்ன, காட்டுக்கு எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள், ரத்தச் சர்க்கரை கடைசியாக எப்போது பார்த்தீர்கள், வீட்டில் சாமையை யார் குத்துகிறார்கள்.