முறுக்கத் தெரிந்த கை

கொல்கத்தாவின் பட்டறைகளில் பழைய அம்பாசடர் என்ஜினைப் பிரித்து மறுபடி பூட்டும் நாளில் இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். முப்பது வருடம் ஸ்பேனர் பிடித்த கைக்கு அளவு எதற்கு என்பது மிஸ்திரி கட்சி. டார்க் ரெஞ்ச் 'டிக்' என்றால் வேலை முடிந்தது என்பது வண்டிக்காரர் கட்சி. இரண்டு பேர் சொல்வதும் பாதிதான் சரி.

சண்டை அற்பமானதல்ல. பிரிட்டனின் பி.எம்.சி. வடிவமைத்த 1489 சிசி என்ஜின் அது. உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாசடர் உற்பத்தி 2014ல் நின்றுபோனது. பிளாக்கில் விரிசல் விட்டால் கம்பெனியிடம் போய் வேறு கேட்க முடியாது.

போல்ட் என்பது உண்மையில் ஒரு ஸ்பிரிங். முறுக்கும்போது அது மயிரிழை அளவு நீள்கிறது. பழைய நீளத்துக்குத் திரும்பத் துடிக்கும் அந்த இழுப்புதான் ஹெட்டையும் பிளாக்கையும் சேர்த்துப் பிடிக்கிறது. இழுப்பு குறைந்தால் கேஸ்கெட் வழியே புகை கசியும்; தண்ணீர் எண்ணெயில் கலந்து, எண்ணெய் பால் விட்ட டீ போல வெளுக்கும். இழுப்பு எல்லை மீறினால் போல்ட் நீண்டது நீண்டதுதான், திரும்பாது. அல்லது பிளாக்கின் மரையைப் பிய்த்துக்கொண்டு வரும்.

சிக்கல் என்னவென்றால், டார்க் ரெஞ்ச் இந்த இழுப்பை அளப்பதில்லை. கை கொடுக்கும் திருப்பு விசையை மட்டுமே அளக்கிறது. அதில் ஏறத்தாழ பாதி, நட்டின் அடியில் உராய்விலேயே போய்விடும். இன்னொரு 40 சதவீதம் மரைகளில் போகும். போல்ட்டை இழுக்க மிஞ்சுவது சுமார் 10 சதவீதம். மரையில் துருவும் அழுக்கும் இருந்தால் அந்தப் பத்திலும் பங்கு போகும். ரெஞ்சோ வழக்கம்போல 'டிக்' என்கும். உலர்ந்த மரைக்குச் சொன்ன அளவை எண்ணெய் தடவிய மரையில் வைத்தால் நேர்மாறு: இழுப்பு அளவுக்கு மீறிவிடும். எனவே எண்ணெய் போடுவதா வேண்டாமா என்பதையும் புத்தகத்தில் பார்த்துவிட வேண்டும். அடி மூடிய துளையில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கி நிற்பது அதைவிட ஆபத்து. திரவம் அமுங்காது, பிளாக்தான் பிளக்கும்.

அலகிலும் கவனம் வேண்டும். பிரிட்டிஷ் புத்தகங்கள் அடி-பவுண்டில் பேசும். பிரிமியர் பத்மினியின் இத்தாலிய மூலம் கிலோகிராம்-மீட்டரில் பேசும். இன்று கடையில் வாங்கும் ரெஞ்சுகள் பெரும்பாலும் நியூட்டன்-மீட்டர் காட்டும். 40 அடி-பவுண்டு என்பதை 40 நியூட்டன்-மீட்டர் என்று வைத்து முறுக்கினால் தேவையில் முக்கால் பங்குகூட வராது.

வரிசையும் உண்டு. நடு நட்டில் தொடங்கி, மாற்றி மாற்றி இருபுறமும் வெளிநோக்கிப் போக வேண்டும். ஒரே மூச்சில் இறுக்காமல், மூன்று சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். ஓரத்தில் தொடங்கினால் ஹெட் கோணிக்கொள்ளும். புது கேஸ்கெட் அமுங்கிப் படியும் என்பதால், வண்டி சிறிது ஓடிய பிறகு புத்தகம் சொல்லும் நிலையில் மறுபடி ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

மிஸ்திரியின் கை, மரை கரகரப்பதை உடனே கண்டுகொள்ளும். ரெஞ்சுக்கு அது தெரியாது. ஆனால் முதல் நட்டுக்கும் கடைசி நட்டுக்கும் இடையில் கை களைத்துவிடும், ரெஞ்ச் களைக்காது. ஹெட்டுக்கு வேண்டியது எல்லா நட்டிலும் ஒரே பிடி. அதற்கு இரண்டு கட்சியும் கூட்டணி வைப்பதே நல்லது.

கூட்டணிக்கு முன் முடிய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: ஒவ்வொரு மரையையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துளையை ஊதி, துடைத்து வைப்பது. இறுக்கத்தின் தலைவிதியை முடிவு செய்யும் அந்த வேலையைத்தான் பல பட்டறைகளில் கடைசியாகச் சேர்ந்த பையனிடம் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள்.