ராத்திரியில் கண் வலித்தால் யாரைக் கூப்பிடுவது?

கண்புரை ஆபரேஷனுக்கு இன்று யாரும் பயப்படுவதில்லை. 1976இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் மருத்துவமனை முதல் ஊர் ஊராக நடக்கும் முகாம்கள் வரை, அந்தப் பயத்தைப் போக்கியதில் தமிழகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பயத்தோடு எச்சரிக்கையும் போய்விட்டதுதான் கவலை.

அபூர்வமாக, ஆபரேஷன் ஆன கண்ணுக்குள் ரத்தம் கசியும். வெள்ளை விழியில் தெரியும் சிவப்புத் திட்டைக் கண்டு வீட்டார் பதறுகிறார்கள். அது பெரும்பாலும் தானே மறையும். ஆபத்தான கசிவு வெளியே அவ்வளவாகத் தெரியாது. ஆபரேஷனால் கண்ணழுத்தம் சட்டென இறங்கும்போது, வயதாலும் ரத்தக் கொதிப்பாலும் நைந்துபோன நாளம் விழித்திரைக்குப் பின்னால் அறுந்துவிடுகிறது. சிலருக்கு இது வீடு திரும்பிய பிறகு, பலமாக இருமும்போதோ மலச்சிக்கலில் முக்கும்போதோ நேர்கிறது. தாங்க முடியாத வலி, வாந்தி, பார்வை மங்கல். "ஆபரேஷன் செஞ்ச கண்ணு, வலிக்கத்தானே செய்யும்" என்று ஒரு மாத்திரையைக் கொடுத்துப் படுக்க வைத்துவிடுகிறோம். விடிவதற்குள் அந்தக் கண்ணை இழக்க நேரலாம்.

ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் ஆஸ்பிரின், வார்ஃபரின் பற்றி முகாமில் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். "பிரஷர் மாத்திரை சாப்பிடுறேன்" என்ற பதிலோடு பெரியவர்கள் நிறுத்திக்கொள்வார்கள். மாத்திரை அட்டையை வாங்கிப் பார்ப்பதே வழி. அதற்காக அவர்களே மாத்திரையை நிறுத்திவிடுவதும் கூடாது, அது மாரடைப்பில் கொண்டுபோய் விடலாம். இன்றைய சிறுதுளை முறையில் பலருக்கு நிறுத்தவே தேவையில்லை. வார்ஃபரின் சாப்பிடுவோருக்கு ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனை பார்த்தாக வேண்டும்.

கையில் கொடுத்தனுப்பும் சீட்டைப் பாருங்கள். சொட்டு மருந்துக்கு மணிக்கணக்கு இருக்கும், தலைக்குக் குளிக்காதே என்றிருக்கும், அடுத்து வரவேண்டிய தேதி இருக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு எடுத்துப் பேச ஆள் இருக்கும் தொலைபேசி எண் இருக்கிறதா? இருந்தாலும், எழுத்துக் கூட்டி வாசிக்கும் அளவில் இருக்கிறதா? புரை எடுத்த கண்ணுக்குத்தானே அந்தச் சீட்டு!

தொண்டு நிறுவனங்களுக்கு ஆபரேஷன் ஒன்றுக்கு இவ்வளவு என்று அரசு மானியம் தருகிறது. எண்ணிக்கை காட்டினால் போதாது. ஒரு மாதம் கழித்து அந்தக் கண் எப்படி இருக்கிறது என்ற கணக்கும் கேட்கப்பட வேண்டும். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் ரத்தக் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளோடு இதே முதியவர்களின் வீட்டுக்குத்தான் போகிறார்கள். ஆபரேஷன் ஆனவர்களின் பட்டியலை முகாம் முடிந்த அன்றே அவர்களிடம் கொடுத்து, முதல் வாரத்திலேயே கதவைத் தட்டச் சொல்ல சுகாதாரத் துறைக்கு ஓர் ஆணை போதும்.