பணம் கணக்கில் ஏறிய பிறகே சாவி: கார் விற்போருக்கும் வாங்குவோருக்கும் ஒரு வேண்டுகோள்



நாங்கள் கோவையில் அடுத்தடுத்த தெருக்களில் குடியிருக்கும் பதினோரு பேர். எங்களில் இருவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். ஒருவர் முப்பது வருடமாக ஒர்க்‌ஷாப் நடத்துகிறார். இன்னொருவர் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து படிவம் எழுதிக் கொடுப்பவர். மற்றவர்கள் ஆசிரியர்கள், மில் தொழிலாளர்கள், கடை வைத்திருப்பவர்கள். எங்களுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு நேர்ந்ததைப் பார்த்தபின், தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது தவறு என்று பட்டதால் எழுதுகிறோம்.

அந்த வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். முழங்கால் வலியால் இனி ஓட்ட முடியாது என்று காரை விற்க முடிவு செய்தார். விலை 3,85,000 ரூபாய்க்குப் படிந்தது. வாங்க வந்தவர் மனைவியோடு வந்தார், காபி சாப்பிட்டார், பெரியவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார். அன்று மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, வங்கி விடுமுறை. “புதன்கிழமை ஆடி பொறக்குதுங்க சார். அதுக்குள்ள வண்டி வீட்டுக்கு வந்துறணும்னு அம்மா சொல்றாங்க” என்று ஒரு டி.டி.யை எடுத்து நீட்டினார். முந்தைய நாள் தேதி, முத்திரை, இரண்டு கையெழுத்து, எல்லாம் இருந்தன. “திங்கட்கிழமை பேங்க்ல போட்டுட்டு...” என்று ஆசிரியர் ஆரம்பித்தார். வந்தவரின் முகம் வாடியது. “என் மேல நம்பிக்கை இல்லீங்களா சார்?” என்றார். ஆசிரியர் அதற்கு மேல் பேசவில்லை. படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டு, ஆர்.சி. புக்கையும் இரண்டு சாவிகளையும் கொடுத்துவிட்டார்.

திங்களன்று டி.டி.யை வங்கியில் போட்டார். ஆடி முதல் தேதியன்று அது திரும்பி வந்தது. அந்த எண்ணில் அப்படி ஒரு டி.டி.யே கொடுக்கப்படவில்லையாம். போன் அணைந்து கிடந்தது. காவல் நிலையத்தில் புகார் கொடுத்தாயிற்று. கார் இன்னும் கிடைக்கவில்லை. அவர் சாயங்கால நடையை நிறுத்திவிட்டார். “பாடம் சொல்லிக் குடுத்தவன் நானே ஏமாந்துட்டனே” என்கிறார். அவர் ஏமாந்தது அறியாமையால் அல்ல என்பது எங்கள் தீர்மானமான கருத்து. கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. முகதாட்சண்யம் தடுத்துவிட்டது.

இதைத்தான் முதலில் பேச வேண்டும் என்று நினைக்கிறோம். வீட்டுக்கு வந்தவரிடம் பணத்தைச் சரிபார்க்கிறேன் என்று சொல்ல நமக்கு நாக்கு கூசுகிறது. அதுவும் ஒருவர் நம் வீட்டில் காபி குடித்துவிட்டால், அவரைச் சந்தேகிப்பது பாவம் போலத் தோன்றுகிறது. ஏமாற்ற வருகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் பத்திரப் பதிவுக்குப் போகும்போது கணக்கு தீர்ந்ததா என்று பார்க்காமல் யாராவது கையெழுத்துப் போடுகிறோமா? அங்கே அதை யாரும் அவமரியாதையாக எடுத்துக்கொள்வதில்லை. நகைக்கடையில் தராசைப் பார்க்கிறோம், கடைக்காரர் கோபிப்பதில்லை. நான்கு லட்ச ரூபாய் காருக்கும் அதே வழக்கம் வரட்டும். “பணம் கணக்கில் ஏறியதும் சாவி தருகிறேன்” என்று முதல் போன் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டு வாசலில் சொல்வதைவிட அது எளிது. நேர்மையான ஆள் சரி என்பார். மற்றவர் வரவே மாட்டார்.

இனி, பணம் எப்படி வர வேண்டும் என்பது. எங்கள் வங்கி நண்பர்கள் இருவரும் ஒரே குரலில் சொல்வது ஆர்.டி.ஜி.எஸ். இரண்டு லட்சமும் அதற்கு மேலும் உள்ள தொகைக்கு இது. பணம் வங்கிக்கு வங்கி உடனுக்குடன் போகிறது. போனபின் அனுப்பியவர் தன் விருப்பத்துக்குத் திரும்பப் பெற முடியாது. செய்தி வந்த அரை மணி நேரத்துக்குள் பணம் பெறுபவரின் வங்கி அவர் கணக்கில் வரவு வைக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் யு.டி.ஆர். எண் என்று ஒன்று உண்டு. அதை எழுதி வைத்துக்கொண்டால் பிற்பாடு எந்தக் கேள்விக்கும் அதுவே பதில். இரண்டு லட்சத்துக்குக் கீழே என்றால் என்.இ.எஃப்.டி. அது அரை மணிக்கு ஒரு தொகுப்பாகத் தீர்க்கப்படுகிறது, கொஞ்சம் பொறுக்க வேண்டும். ஐந்து லட்சம் வரை ஐ.எம்.பி.எஸ். வழியாகவும் அனுப்பலாம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஆர்.டி.ஜி.எஸ். 2020 டிசம்பர் 14 முதல் இரவு, பகல், ஞாயிறு, பண்டிகை என்று எல்லா நேரமும் இயங்குகிறது. என்.இ.எஃப்.டி. அதற்கு ஓராண்டு முன்பே, 2019 டிசம்பர் 16 முதல், அப்படித்தான். ஆசிரியர் வீட்டுக்கு வந்தவரிடம் உண்மையில் பணம் இருந்திருந்தால், அந்தச் சனிக்கிழமை மாலையே போனில் அனுப்பியிருக்கலாம். “வங்கி லீவு, அதனால் டி.டி.” என்ற பேச்சே பொருந்தாத பேச்சு. ஒரு சின்னச் சிக்கல் உண்மையில் உண்டு. புதிதாகச் சேர்த்த கணக்குக்கு முதல் நாளில் பெரிய தொகை அனுப்பப் பல வங்கிகள் விடுவதில்லை. வாங்குபவர் முந்தைய நாளே விற்பவரின் கணக்கைச் சேர்த்து வைத்துவிட்டால் அதுவும் தீர்ந்தது. இணைய வங்கிப் பழக்கம் இல்லாதவர்கள் வேலை நாளில் வாங்குபவரின் வங்கிக் கிளைக்கு இருவருமாகப் போய், அங்கேயே ஆர்.டி.ஜி.எஸ். படிவம் எழுதிக் கொடுங்கள். எங்களுக்குப் பிடித்த வழி இதுதான். மின்விசிறிக்கடியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பணம் ஏறும்வரை பேசிக்கொண்டிருக்கலாம்.

பணம் வந்ததா என்பதை எஸ்.எம்.எஸ். பார்த்து முடிவு செய்யாதீர்கள். போலி எஸ்.எம்.எஸ். அனுப்புவது சுலபம். வாங்குபவர் தன் போனில் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டும் வேண்டாம், பச்சை நிற டிக் மார்க் காட்டும் போலிச் செயலிகளே இருக்கின்றன. உங்கள் வங்கியின் செயலியை நீங்களே திறந்து இருப்பைப் பாருங்கள், அல்லது பாஸ்புக்கில் பதிவு போடுங்கள். யு.பி.ஐ. வழியாகத் தனி நபருக்குப் பொதுவாக ஒரு நாளில் ஒரு லட்சம்தான் அனுப்ப முடியும். ஆகவே அது அட்வான்ஸுக்குச் சரி, முழுத் தொகைக்குப் போதாது. “இந்தக் கியூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, பணம் வந்துரும்” என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். பணம் வாங்க பின் எண் ஒருபோதும் தேவையில்லை. பின் எண் போட்டால் போவது உங்கள் பணம்.

டி.டி. என்றால் ரொக்கம் மாதிரி என்ற நினைப்பு நம் அப்பா காலத்திலிருந்து வருகிறது. உண்மையான டி.டி. நம்பகமானதுதான். கையில் இருப்பது உண்மையானதா என்பதே கேள்வி. 2018 செப்டம்பர் 15 முதல், டி.டி.யை எடுத்தவரின் பெயரும் அதன் முகப்பில் அச்சிடப்பட வேண்டும். ஆசிரியர் வாங்கிய தாளில் அந்தப் பெயர் இல்லை. அதைப் பார்க்க வேண்டும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. டி.டி.தான் என்று ஒருவர் பிடிவாதமாக இருந்தால், அதைக் கொடுத்த கிளைக்கு நேரில் போய்க் கேளுங்கள். தாளில் அச்சிட்டிருக்கும் போன் எண்ணை நம்பாதீர்கள், போலி அச்சிடுபவர் எண்ணையும் போலியாகத்தான் அச்சிடுவார்.

காசோலை வாங்கினால், அது தீர்வாகி வரும்வரை வண்டி உங்கள் வீட்டிலேயே நிற்கட்டும். 2025 அக்டோபர் முதல் அதே நாளில் காசோலை தீர்வாகும் முறை வந்துவிட்டதால் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. திரும்பி வந்த காசோலைக்குச் சட்டம் இருக்கிறது. வங்கி தெரிவித்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், பிறகு 15 நாள் அவகாசம், அதற்கும் பணம் வராவிட்டால் ஒரு மாதத்துக்குள் வழக்கு. வழக்கு போடலாம்தான். கோர்ட் வாசலில் எத்தனை வருடம் நிற்பது?

ரொக்கத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2017 ஏப்ரல் 1 முதல், ஒரு பரிவர்த்தனைக்கு இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. மீறினால் வாங்கிய தொகை முழுவதும் அபராதமாக விதிக்கப்படலாம், அதுவும் ரொக்கத்தைப் பெற்றவர் மேல். நான்கு நாளில் பிரித்து வாங்கினாலும் ஒரே கார், ஒரே பரிவர்த்தனைதான். வரம்புக்குள் ரொக்கம் வாங்குகிறவர்கள் வங்கிக்கே போய், அங்கேயே எண்ணி, கள்ளநோட்டு பார்த்து, கணக்கில் கட்டிவிட்டு வெளியே வாருங்கள்.

இன்னொரு ஆபத்து பலருக்குத் தெரியாதது. “என் ஃபிரண்டு கணக்குல இருந்து போட்டு விடுறேன்” என்பார்கள். சம்மதிக்காதீர்கள். அந்தப் பணம் வேறு யாரையோ ஏமாற்றிச் சேர்த்ததாக இருந்தால், அது போய்ச் சேர்ந்த கணக்குகளையெல்லாம் போலீஸ் முடக்கச் சொல்லும். காரை நேர்மையாக விற்ற உங்கள் கணக்கும் அதில் சேரும். பென்ஷன் வருகிற கணக்காக இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். யார் பெயருக்கு வண்டி மாறுகிறதோ அவருடைய சொந்தக் கணக்கிலிருந்தே பணம் வர வேண்டும்.

வாங்குகிறவர்களும் இதே அளவுக்கு ஏமாறுகிறார்கள். ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிப் போகிறேன், அதனால்தான் விலை குறைவு என்று சீருடைப் படத்தை அனுப்பிவிட்டு, வண்டியை அனுப்பும் செலவுக்கு என்று அட்வான்ஸ் கேட்பது பழைய தந்திரம். வண்டியையும் ஆளையும் நேரில் பார்க்காமல் ஆயிரம் ரூபாய்கூட அனுப்பாதீர்கள். ஆர்.சி.யில் உள்ள பெயர், ஆதாரில் உள்ள பெயர், பணம் போகும் கணக்கின் பெயர் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். முன்பெல்லாம் கணக்கு எண்ணை மட்டும் நம்பிப் பணம் அனுப்பினோம். 2025 ஏப்ரலுக்குள் ஆர்.டி.ஜி.எஸ்., என்.இ.எஃப்.டி. அனுப்பும் முன்பே பெறுபவரின் பெயரைப் பார்க்கும் வசதியைத் தரும்படி வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. அதைப் பயன்படுத்துங்கள்.

வண்டி மேல் கடன் இருந்தால் ஆர்.சி.யில் எச்.பி. என்று பதிவு இருக்கும். “நீங்க பணம் குடுங்க, நான் லோனைக் கட்டிட்டு என்.ஓ.சி. வாங்கித் தர்றேன்” என்பதை ஏற்காதீர்கள். மீதிக் கடன் எவ்வளவு என்று கடன் கொடுத்த இடத்திலேயே எழுத்தில் வாங்கி, அந்தத் தொகையை நேராகக் கடன் கணக்கில் கட்டுங்கள். மிச்சத்தை விற்பவருக்கு அனுப்புங்கள். என்.ஓ.சி.யும் கையெழுத்திட்ட படிவம் 35-ம் வரும்வரை ஒரு பகுதியை நிறுத்தி வைத்தால், நேர்மையான விற்பனையாளர் அதைத் தவறாக நினைக்க மாட்டார்.

பணம் ஏறிய பிறகு, அதே மேசையில் காகிதங்கள். படிவம் 29, 30-ஐ வெறுமையாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறோம். வாங்குபவரின் பெயரும் முகவரியும் தேதியும் எழுதிய பிறகே கையெழுத்து. டெலிவரி நோட்டில் நாளோடு நேரத்தையும், யு.டி.ஆர். எண்ணையும் குறித்து இருவரும் ஒப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிப்பது விற்பவரின் கடமை. பழைய ஃபாஸ்டேக்கை மூடிவிடுங்கள். இன்சூரன்ஸைத் தன் பெயருக்கு மாற்ற வாங்கியவர் 14 நாளுக்குள் விண்ணப்பிக்கட்டும்.

பெயர் மாறாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் பதில் சொல்லிவிட்டது. ஒரு கார் பல கை மாறிய பிறகு விபத்தில் சிக்கியது. முதலில் விற்றவரின் பெயரே பதிவில் நின்றது. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், நஷ்டஈடு அவர் பொறுப்பு என்பது தீர்ப்பு. காரும் போய், பணமும் வராமல், அந்தக் கார் செய்யும் விபத்துக்கும் நம் ஆசிரியர் பதில் சொல்ல நேரலாம் என்பதுதான் இப்போது அந்த வீட்டின் பெரிய பயம்.

ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்த நிமிடமே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இணையவழியில் போன பணம் இன்னும் ஏதாவது கணக்கில் நின்றால் அதை நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு. மணிக்கணக்கில் தாமதித்தால் அது கை மாறிப் போய்விடும். வெட்கப்பட்டு வீட்டுக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கார் கன்சல்டிங் நடத்துவோரிடமும் புரோக்கர்களிடமும் ஒரு கோரிக்கை. நீங்கள் முடித்து வைக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் வங்கிப் பரிமாற்றத்தை வற்புறுத்துங்கள், வெற்றுப் படிவங்களை வாங்கி வைக்காதீர்கள். வங்கி ஊழியர்களே, ஒரு முதியவர் டி.டி.யைக் கொண்டுவந்து “இது நெசமானதுங்களா?” என்று கேட்டால், அந்தக் கிளையில் அவருக்குக் கணக்கு இல்லாவிட்டாலும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகளே, அப்பா வண்டி விற்கிறார் என்றால் அன்று ஒரு மணி நேரம் போனில் கூட இருங்கள்.

எங்கள் வட்டாரத்தில் யார் கார் விற்றாலும், துணைக்கு ஆள் இல்லையென்றால் எங்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள். வேலை நாளில் காலை பத்து மணிக்கு வங்கிக்கு உடன் வருகிறோம், பணம் கணக்கில் ஏறும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம். வேறு ஊர்களில் இருப்பவர்கள் உங்கள் தெருவிலும் இப்படி நான்கு பேர் சேருங்கள்.

இப்படிக்கு,
ஆசிரியரின் அண்டை வீட்டார் பதினோரு பேர்,
கோயம்புத்தூர்.